பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்

நவம்பர் 2, சனி

இவர் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. பத்து மாதமாகப் பால் கணக்கு எழுதக்கூட யாரும் தொடவில்லை. இன்று நான் கையில் எடுத்ததற்குக் காரணம் ஷமீலா.

ஷமீலாவை நான் நேரில் பார்த்ததில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். டிசம்பரில் எங்கள் பக்கம் குடிவருகிறாளாம். “அரசி அக்கா, உங்க ஏரியாவுல நல்ல பார்க் எது? பாப்பாவுக்கு ஊஞ்சல்னா உசுரு. ஆறு வயசு” என்று கேட்டிருக்கிறாள்.

இந்தப் புறநகரில் பூங்காக்களைப் பற்றிக் கேட்க என்னைவிட்டால் ஆள் கிடையாது. திறந்து வைத்தவர்கள் ஒரு நாள் வந்திருப்பார்கள். நான் தினமும் இரண்டு வேளை போகிறவள். ஆனாலும் பதில் எழுத உட்கார்ந்தால் விரல் நகரவில்லை. இங்கே எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் அனுப்பலாம்.

ஏரிக்கரைப் பூங்காதான் பெரிது. நல்ல நிழல், நீரூற்று, மூக்கைப் பிடிக்காமல் போகக்கூடிய கழிப்பறை, வரிசையாக ஊஞ்சல்கள். கூடவே ஒரு பலகை: ‘விளையாட்டுச் சாதனங்கள் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்.’ பலகைக்குக் கீழே ஒரு காவலாளி. அவர் வாயில் ஒரு விசில். ஜூனில் தென்னவன் அங்கே உட்கார்ந்து இரண்டு வீச்சு போவதற்குள் விசில் அடித்தார். விசில் என்றால் தென்னவனுக்குக் காதில் ஊசி ஏற்றியது மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் உருண்டான். நடக்க வந்தவர்கள் நடையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்றோடு அந்தப் பூங்கா எங்களுக்கு முடிந்தது.

தென்னவன் என் மகன். பதினைந்து வயது. பேச்சு வராது. எது வேண்டுமென்றாலும் என் கையைப் பிடித்து அதன்மேல் கொண்டுபோய் வைப்பான். தண்ணீர் என்றால் குடத்தின்மேல், சோறு என்றால் குக்கர்மேல். ஊஞ்சலில் உட்கார்ந்ததும் என் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்துக்கொள்வான். தள்ளு என்று அர்த்தம். அவன் வாழ்க்கையில் என்னிடம் சொன்ன பேச்சிலேயே தெளிவான பேச்சு அதுதான்.

காலையும் மாலையும் ஆடினால் சாப்பிடுவான், தூங்குவான். ஆடாத நாளில் எங்கள் வீட்டுக் கதவு ஜன்னல் எதுவும் சும்மா இருக்காது. வீட்டிலேயே ஊஞ்சல் மாட்டலாம் என்று துளை போட்டோம். கூரைப் பூச்சு பொத்தென்று தலையில் விழுந்தது. வாடகை வீடு. வீட்டுக்காரர் இன்னொரு துளை போட்டால் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நவம்பர் 5, செவ்வாய்

இப்போது போவது மீன் பூங்கா. சறுக்கு மரம் மீன் வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். சின்னதுதான். கழிப்பறை பூட்டியே இருக்கும், சாவி யாரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஊஞ்சல் இரண்டும் பழைய காலத்துக் கனத்த சங்கிலி. காவலாளி ஏகாம்பரம் விசில் அடிக்காதவர். கையைத்தான் தட்டுவார்.

அங்கேயும் அதே பலகை உண்டு. அதனால்தான் ஜூலையிலிருந்து தென்னவனுக்குப் பதினொரு வயது.

காலையில் எழுந்ததும் ஷேவிங் குவளையை அவனே எடுத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டுவான். மேலுதட்டில் இருப்பதைச் சுத்தமாக மழித்து, அரை டிராயர் மாட்டி, கழுத்தில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுவேன். என்னைப் போலக் குள்ளமாகப் பிறந்தது ஒரு விதத்தில் உபயோகமாயிற்று. பாட்டில்தான் முக்கியம். பாட்டில் தொங்குகிற பிள்ளையை யாரும் வயது கேட்பதில்லை.

ஏகாம்பரம் முதல் நாள் என்ன வகுப்பு என்று கேட்டார். ஆறாவது என்றேன். அன்றிலிருந்து தோளில் கிடக்கும் துண்டால் ஊஞ்சல் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் இவனை உட்கார விடுகிறார். பொய் சொன்னால் நாக்கு உறுத்தும் என்பார்கள். எனக்கு உறுத்தவில்லை. பிள்ளை தூங்குகிறான்.

நவம்பர் 8, வெள்ளி

மழை. பூங்காவைத் திறக்கவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

நவம்பர் 9, சனி

மழை. ஊஞ்சலுக்குக் கீழே குளம் நிற்கிறதாம், ஏகாம்பரம் போனில் சொன்னார். குடையோடு தண்ணீர்த் தொட்டிப் பூங்காவுக்குப் போனோம். அங்கே ஊஞ்சல் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து ஒற்றைக் காலில் நிற்கிறது. தென்னவன் அந்தப் பலகையைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தி வைத்தான். அது திரும்பத் திரும்பச் சரிந்தது.

கதவு இடித்து இடது கை வீங்கிவிட்டது. முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

இவர் என் கையைப் பார்த்துவிட்டார். என்னவென்று கேட்டார். கதவு என்றேன். திருவள்ளூர் தாண்டி ஒரு விடுதி இருப்பதாகவும், இந்த மாதிரிப் பிள்ளைகளை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். என்னிடம் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். வருஷக் கடைசிவரை பார்க்கலாம், அதற்குள் அவன் அடங்கவில்லையென்றால் சேர்த்துவிடலாம் என்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்கு இடம் பார்த்தவர், ஒரு நாள், ஒரே ஒரு நாள் மீன் பூங்கா பக்கம் வந்து ஊஞ்சலைத் தள்ளியிருக்கிறாரா என்று கேட்டேன். பாத்திரம் கழுவப் போய்விட்டார். கோபம் வந்தால் கத்துகிற மனிதனோடு சண்டை போடலாம். பாத்திரம் கழுவுகிற மனிதனோடு என்ன செய்வது.

ஊஞ்சல் இருக்கும்வரை அவனை எங்கேயும் விட மாட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

வெயில். இரண்டு வேளையும் ஆடினான். சாயந்திரம் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு நாளைக்குப் போதும் எனக்கு.

ஏகாம்பரம் ஒரு சந்தோஷச் செய்தி சொன்னார். குழந்தைகள் தினத்துக்கு நடைப்பயிற்சியாளர் சங்கம் மீன் பூங்காவில் விழா வைக்கிறதாம். பூங்காவுக்கு வாடிக்கையாக வரும் பிள்ளைகளுக்குப் பரிசு. தென்னவன் பெயரையும் கொடுத்துவிட்டாராம். “நம்ம புள்ளைக்கு இல்லாத பரிசாம்மா, மொத ஆளா எழுத வெச்சேன். தென்னவன், பதினோரு வயசுன்னு” என்றார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

விழாவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏகாம்பரம் மனசு நோகும் என்று நினைத்தேன். இரண்டு தடவை மழித்தேன். மேலுதட்டில் பிளேடு கீறிவிட்டது. பவுடர் போட்டு மறைத்தேன்.

பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, கேசரி. சங்கச் செயலாளர் வைத்தியலிங்கம் சார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ‘தென்னவன், பதினொரு வயது’ என்றதும் மைக் கீச்சென்று கத்தியது. தென்னவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். பயந்தால் அவன் ஓடுவதற்கு ஒரே இடம்தானே உண்டு. ஊஞ்சலில் வைத்தியலிங்கம் சாரின் பேத்தி ஆடிக்கொண்டிருந்தாள். இவன் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். குழந்தை குப்புற விழுந்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். இவன் அதைப் பார்க்கவே இல்லை. காலியான ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டி என்னைத் தேடினான். முதுகைக் காட்டினான்.

எல்லோரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். இவ்வளவு பெரிய பையனா, பதினொரு வயதா என்று ஒருத்தர் கேட்டார். வைத்தியலிங்கம் சார் பேத்தியைத் தோளில் போட்டபடி வந்தார். அவர் என்னிடம் கத்தவில்லை. ஏகாம்பரத்தைத்தான் கேட்டார், வயது பார்க்காமல் யாரை உள்ளே விடுகிறாய் என்று. ஏகாம்பரம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “பதினொண்ணுதாங்க. எனக்கு நல்லாத் தெரியும். தெனம் பாக்குற புள்ள” என்றார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் வேலை போயிருக்கும்.

“பதினஞ்சு சார்,” என்றேன். “அவருக்குத் தெரியாது. நான்தான் அவர்கிட்டப் பொய் சொன்னேன்.”

ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் பெயர் சொல்லி நலம் விசாரித்த மனிதன். இவனுக்காகப் பலகையைத் துடைத்த மனிதன்.

இன்று காலை தென்னவனை வீட்டில் பூட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். இரண்டு ஊஞ்சலையும் சேர்த்துச் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஏகாம்பரம் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டிய சருகைக் கூடையில் அள்ளிப் போட்டார். அப்புறம் சொன்னார்: “மொத நாளே உண்மையச் சொல்லியிருந்தா, புள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி காலையில ஒரு நேரம் நானே ஒதுக்கிக் குடுத்திருப்பேனேம்மா. பார்க் சாவி எங்கிட்டதானே இருந்துச்சு. இப்ப சாவி செயலாளர்கிட்டப் போயிடுச்சு.”

பலகையைப் பார்த்துப் பயந்தேனே தவிர, பலகைக்குக் கீழே நிற்கிறவன் மனுஷன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு விசில் எனக்கு அப்படிப் புத்தியைக் கெடுத்துவிட்டது.

நவம்பர் 17, ஞாயிறு

ஷேவிங் குவளையைப் பரண்மேல் ஒளித்து வைத்துவிட்டேன். மழித்தால் பூங்கா என்பது தென்னவன் கணக்கு. குவளையைக் காணாமல் வீடு முழுக்கத் தேடுகிறான். குளிர்சாதனப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தான்.

நவம்பர் 19, செவ்வாய்

ஏரிக்கரைக்கு விடியற்காலை கதவு திறந்ததும் போனேன். புத்தி வந்து, முதலிலேயே உண்மையைச் சொன்னேன்: பதினைந்து வயது, பேச்சு வராது, யாரும் இல்லாத நேரத்தில் கொஞ்சம் ஆடிவிட்டுப் போய்விடுகிறோம் என்று. காவலாளி தன் போனை எடுத்துக் காட்டினார். மீன் பூங்காவில் யாரோ எடுத்த படம். ஊஞ்சலில் தென்னவன், பக்கத்தில் நான். எல்லாப் பூங்காவுக்கும் வந்திருக்கிறது. “எனக்குப் பாவமாத்தாம்மா இருக்கு. உள்ள வுட்டா என் வேலை போயிடும்” என்றார்.

வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தென்னவன் ஊஞ்சல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாம் காற்றில் சும்மா ஆடிக்கொண்டிருந்தன. அவ்வளவு ஊஞ்சலும் காலி. எனக்கு அந்தக் கம்பியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயந்திரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை செய்யும் பெண்ணிடம் கெஞ்சினேன். அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு பூங்கா உண்டு. முடியாது என்றாள். கோயில் தெருப் பூங்காவில் உடற்பயிற்சிக் கம்பிகள்தான், ஊஞ்சலே கிடையாது. தென்னவன் என் கையை எடுத்து ஒரு கம்பியின்மேல் வைத்தான். அது அசையாது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

நவம்பர் 20, புதன்

கதவு.

நவம்பர் 21, வியாழன்

மறுபடி மழை. கதவு. கீழ்வீட்டிலிருந்து வந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள். அம்மி நகர்த்தினேன் என்றேன். எங்கள் வீட்டில் அம்மியே கிடையாது.

நவம்பர் 23, சனி

நேற்று நடந்தது. வலது கண் திறக்கவில்லை. ஒரு கண்ணால் எழுதுகிறேன்.

காலையில் தென்னவன் நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து குவளையை எடுத்துவிட்டான். தானே தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டினான். ஒரு வாரத்து மீசை. கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை. என்னால் முடியவில்லை. மழித்துவிட்டேன். அவன் சந்தோஷத்தில் தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டான். டிராயரைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான். பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

வெளியே கொட்டுகிற மழை. கொட்டாவிட்டாலும் போக ஒரு பூங்கா இல்லை.

நான் வாசல் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. என் கையை எடுத்துத் தாழ்ப்பாளின்மேல் வைத்தான். நான் எடுத்துக்கொண்டேன். மறுபடி வைத்தான். மறுபடி எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் பாட்டிலைக் கழற்றினான். எஃகு பாட்டில்.

மருத்துவமனையில் புருவத்துக்கு மேலே தையல் போட்டார்கள். எப்படி ஆயிற்று என்று டாக்டரம்மா கேட்டார். கதவு என்றேன். இவர் கடையிலிருந்து நனைந்துகொண்டே வந்து பக்கத்தில் நின்றிருந்தார். டாக்டரம்மா போன பிறகு என் செருப்பை எடுத்து என் காலில் மாட்டிவிட்டார். பதினெட்டு வருஷத்தில் என் காலைத் தொட்டதில்லை. குனிந்தபடியே சொன்னார்.

“அந்தக் கதவு ஒரு நாள் உன்னைக் கொன்னுடும், அரசி. அப்புறம் அதைப் பாத்துக்க யாரு இருக்கா?”

அவர் தோள் குலுங்கியது. செருப்பு வார் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

விடுதியைப் பார்த்துவிட்டு வந்தோம். ஏதாவது குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன். சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தேன். படுக்கை அறையில் பினாயில் வாடை அதிகம் என்றேன். நிர்வாகி அம்மா குறைக்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். சண்டைக்குக்கூட வழியில்லை.

பின்னால் ஒரு புளிய மரம். அதில் ஊஞ்சல். தேக்குப் பலகை, கப்பல் கயிறு மாதிரி தடித்த கயிறு. முப்பது வயது ஆள் ஒருவர் அதில் ஆடிக்கொண்டிருந்தார், தாடியோடு. சுற்றுமுற்றும் பார்த்தேன். வயது எழுதிய பலகை எதுவும் இல்லை. எத்தனை வயதுவரை ஆடலாம் என்று கேட்டேன். நிர்வாகி அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் கால் வைக்காத பூங்கா இல்லை. நான் தேடியது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டிய இடத்தில் இருக்கிறது.

நவம்பர் 30, சனி

எட்டுச் சட்டையில் பெயர் தைத்தேன். முறுக்கு சுட்டேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் பிழியப் பிழியத் தின்றான்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் குவளையை நானே எடுத்து வைத்தேன். அவன் உட்கார்ந்து முகத்தைத் தூக்கினான். மெதுவாக, கீறாமல் மழித்தேன். இந்த முறை பொய்யில்லை. மழித்தால் ஊஞ்சல் உண்டு.

விடுதியில் இறங்கியதும் மரத்தைப் பார்த்துவிட்டான். என் கையை இழுத்துக்கொண்டு ஓடினான். உட்கார்ந்தான். என் கையை எடுத்து முதுகில் வைத்தான். தள்ளினேன். கனத்த கயிறு, வீச்சு பெரிதாகப் போனது. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். இவர் பக்கத்தில் வந்து நின்றார். நான் விலகிக்கொண்டேன். பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக அவர் தன் பிள்ளையின் முதுகைத் தள்ளினார். ஒரு கையால்தான் தள்ளினார். இன்னொரு கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

அங்கே பார்த்துக்கொள்ளும் ஆள், குணாளன் என்று பெயர், அவன் ஆடும்போதே கிளம்பிவிடுவது நல்லது என்றார். ஆட்டம் நின்ற பிறகு போனால் தேடுவானாம். நாங்கள் வராந்தாத் தூணுக்குப் பின்னால் வந்துவிட்டோம். போகலாம் என்று இவர் கையைப் பிடித்தார். நான் போகவில்லை.

வீச்சு குறைந்தது. ஊஞ்சல் நின்றது. தென்னவன் பின்னால் கையை நீட்டித் துழாவினான். என் கைக்காகத்தான். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்க் கொடுத்துவிடலாம் என்று ஓர் அடி வைத்தேன். அதற்குள் குணாளனின் கை அகப்பட்டது. தென்னவன் அதைத் தொட்டுப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். எடுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டான்.

இதற்குத்தான் வேண்டிக்கொண்டேன். நடந்தபோது தாங்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

வெயில் அடிக்கிறது. சாயந்திரம் நாலு மணியானதும் கால் தானாக எழுந்துகொண்டது. மீன் பூங்கா வரை போனேன். ஊஞ்சல்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வைத்தியலிங்கம் சாரின் பேத்தி ஆடிக்கொண்டிருந்தாள். உதடு ஆறிவிட்டது. ஏகாம்பரம் என் பின்னால் எட்டிப் பார்த்தார். புள்ளை எங்கே என்று கேட்டார். சொன்னேன். துண்டால் பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார்.

அங்கே உட்கார்ந்துதான் ஷமீலாவுக்குப் பதில் எழுதினேன். ஒரு மாதம் காத்திருந்துவிட்டாள், பாவம். ஏரிக்கரையின் நிழலைப் பற்றி, மீன் பூங்காவின் சங்கிலியைப் பற்றி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகாதே என்று, பெரிதாக எழுதினேன். எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு இதை அனுப்பினேன்:

“மன்னிச்சுக்கோ ஷமீலா, லேட் ஆயிடுச்சு. வந்ததும் மீன் பார்க்குக்குப் போ. ஏகாம்பரம்னு ஒருத்தர் இருப்பார், அவர்கிட்ட மொத நாளே எல்லாத்தையும் சொல்லிடு. அப்புறம் மத்த பார்க்குக்கும் போ. எல்லாமே நல்ல பார்க்தான். பாப்பாவுக்கு ஆறு வயசுதானே.”